ஊருக்கு எதிர்க்கரையில் ஒரு ஸ்டேஷன்

தமிழ்நாட்டிலிருந்து குவாஹாத்திக்கோ டார்ஜிலிங்குக்கோ கிளம்புகிறவர்களுக்கு டிக்கெட் போடும்போதே ஒரு சிக்கல் வந்துவிடும். நேரடி வண்டிகள் குறைவு; இருக்கிற வண்டியிலும் காத்திருப்போர் பட்டியல் நீளும். வேறு வழி, ஹவுராவில் இறங்கி வண்டி மாறுவது. முதல் வண்டி தாமதமானால் அடுத்தது கைவிட்டுப் போகுமே என்ற பயத்தில், நடுவில் பத்துப் பதினைந்து மணி நேரம் விட்டுத்தான் அனுபவசாலிகள் பதிவு செய்வார்கள். விளைவு, இரவில் ஹவுராவில் இறங்கி மறுநாள் பிற்பகல் சராய்காட் எக்ஸ்பிரஸ் கிளம்பும்வரை காத்துக் கிடக்க வேண்டும்.

பெரும்பாலோர் அந்த நேரத்தை வெயிட்டிங் ஹாலில் பெட்டிக்குக் காவல் இருந்தே கழிக்கிறார்கள். செல்போன் சார்ஜ் போட இடம் தேடுவார்கள், டீ வாங்குவார்கள், அறிவிப்பு வரும்போதெல்லாம் நிமிர்ந்து பார்ப்பார்கள். வேறு ஊராக இருந்தால் அதைத் தவிர வழியில்லை என்று விட்டுவிடலாம். ஹவுராவில் அப்படி உட்கார்ந்திருப்பது நஷ்டம். ஸ்டேஷன் வாசலிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் ஒரு பிரம்மாண்டமான பாலம், ஆற்றுக்கு அடியில் ஓடும் மெட்ரோ, விடியும் முன்னே களைகட்டும் பூச்சந்தை, சீனர்களின் காலைக் கடைகள், நம்ம பல்லாவரத்துக் கல் பதித்த ஒரு கல்லறை என்று எல்லாமே இருக்கிறது. இவற்றில் பாதி, ரயில் ஊருக்குள் போகாமல் எதிர்க்கரையிலேயே நின்றுவிட்டதால் முளைத்தவை.

கொல்கத்தா ஹூக்ளி ஆற்றின் கிழக்குக் கரையில் வளர்ந்த ஊர். ரயில் போட வந்த ஈஸ்ட் இண்டியன் ரயில்வே கம்பெனிக்கோ போக வேண்டிய திசை மேற்கு. ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கங்களும் அதற்கப்பால் டெல்லியும் அந்தப் பக்கம்தான். அரைக் கிலோமீட்டர் அகல ஆற்றுக்கு அப்போது பாலம் கிடையாது. அதனால் மேற்குக் கரையிலேயே, ஹவுராவில் ஸ்டேஷனை வைத்தார்கள். 1854 ஆகஸ்ட் 15 அன்று காலை 8.30 மணிக்கு முதல் பயணிகள் வண்டி அங்கிருந்து கிளம்பி, 24 மைல் தூரத்திலிருந்த ஹூக்ளி ஊரை 91 நிமிடத்தில் எட்டியது. பம்பாய் – தாணே வண்டிக்கு அடுத்த ஆண்டு; ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு ஓடிய தென்னிந்தியாவின் முதல் வண்டிக்கு இரண்டு ஆண்டு முந்தையது.

கல்கத்தாக்காரர்கள் பம்பாயை முந்தியிருக்கலாம். இங்கிலாந்திலிருந்து மாதிரிப் பெட்டிகளை ஏற்றி வந்த கப்பல் ஆற்று முகத்துவாரத்துக்கு அருகே மூழ்கிப்போனது. எஞ்சினை ஏற்றிய கப்பல் வழிமாறி ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்தது. பெட்டிகளை உள்ளூரிலேயே செய்து, எஞ்சினைத் திருப்பி வரவழைத்து ஓட்டுவதற்குள் பம்பாயில் மாலை மரியாதை முடிந்துவிட்டது.

வண்டி ஓடத் தொடங்கியது சரி, பயணிகள் ஆற்றைக் கடப்பது எப்படி? கிழக்குக் கரையில் ஆர்மேனியன் படித்துறையில் கம்பெனி டிக்கெட் கவுன்டர் வைத்தது. அங்கே டிக்கெட் வாங்கினால் படகுக் கட்டணமும் அதிலேயே அடக்கம். பெட்டி படுக்கையோடு படகேறி, ஹவுராவில் இறங்கி, வண்டி பிடிக்க வேண்டும். 1874 வரை இதுதான் நடைமுறை. அந்த ஆண்டு பிராட்ஃபோர்டு லெஸ்லி என்ற பொறியாளர் கட்டிய மிதவைப் பாலம் வந்தது. மிதவைகளின் மேல் தளம் போட்ட பாலம். கப்பல் வரும்போது நடுவில் 200 அடியைக் கழற்றி வழிவிடுவார்கள். அந்த நேரத்தில் ரயிலுக்கு ஓடி வருகிறவர் அக்கரையிலேயே நிற்க வேண்டியதுதான்.

இன்றைய ஸ்டேஷன் கட்டடம் 1905-இல் திறந்தது. ஹால்சி ரிக்கார்டோ என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞரின் வடிவமைப்பு. செங்கல் நிறத்தில் கோபுரங்களோடு ஆற்றைப் பார்த்து நிற்கிறது. தமிழ்நாட்டு வண்டிகள் வந்து நிற்பது இதற்குத் தெற்கே 1992-இல் சேர்ந்த புது வளாகத்தில், 17 முதல் 23 வரையுள்ள பிளாட்பாரங்களில். வடக்கே, வடகிழக்கே போகிற வண்டிகள் பெரும்பாலும் பழைய வளாகத்திலிருந்து கிளம்பும். இரண்டுக்கும் நடுவே சில நிமிட நடை. 1900-த்திலேயே ஓடத் தொடங்கிய சென்னை மெயிலும் திருச்சி, கன்னியாகுமரி வண்டிகளும் ஹவுராவுக்கே வருகின்றன. கோரமண்டல் எக்ஸ்பிரஸ் மட்டும் இப்போது சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஷாலிமாரில் நின்றுவிடுகிறது. அதில் வருகிறவர்கள் பஸ்ஸோ டாக்ஸியோ பிடித்து இங்கே வர வேண்டும்.

இறங்கியதும் முதல் வேலை, கிளாக் ரூம். செல்லுபடியாகும் ரயில் டிக்கெட் கையில் இருக்க வேண்டும். பெட்டி பூட்டியிருக்க வேண்டும். பூட்டில்லாத பையைத் தொடவே மாட்டார்கள். பிளாட்பாரத்தில் சங்கிலியும் பூட்டும் விற்கும் வியாபாரிக்கு இதனாலேயே நல்ல பிழைப்பு. சுமை இறங்கிய கையோடு பழைய வளாகத்துக்கு நடந்தால் எதிரே தொங்குவது ‘பொடோ கோரி’, அதாவது பெரிய கடிகாரம். 1926-இல் வைத்தது, லெஸ்டர் நகரத்து ஜென்ட்ஸ் கம்பெனியின் தயாரிப்பு. முதுகோடு முதுகாக இரண்டு முகம். ஒன்று முதல் எட்டுவரை உள்ள பிளாட்பாரப் பக்கம் ஒன்று, ஒன்பது முதல் பதினைந்து வரை உள்ள பக்கம் மற்றொன்று. சென்னைவாசிகள் ‘சென்ட்ரல் வாசலில் நில்’ என்பதுபோல, வங்காளிகள் பெரிய கடிகாரத்தடியில் நில் என்பார்கள். செல்போன் வந்து இத்தனை ஆண்டாகியும் அங்கே யாராவது யாருக்காவது காத்திருக்கிறார்கள்.

எட்டு மணிக்கு முன்பே இறங்கிவிட்டவர்களுக்கு ஒரு யோகம் உண்டு. ஸ்டேஷன் வாசலைத் தாண்டியதும் படகுத்துறை. பாபு காட், ஃபேர்லி, பாக்பஜார் என்று பல துறைகளுக்குப் படகு ஓடுகிறது. சொற்பக் கட்டணம். அலுவலகம் முடிந்து வருகிறவர்கள், மீன்கூடையோடு திரும்புகிறவர்கள், சைக்கிளோடு ஏறுகிறவர்கள் என்று படகு நிறைந்திருக்கும். பாபு காட்டுக்குப் போகிற படகில் பின்பக்கம் நின்றால் விளக்கேற்றிய ஹவுரா பாலம் முழுசாகத் தெரியும். முன்பக்கம் நின்றால் 1992-இல் திறந்த வித்யாசாகர் சேது, கம்பிவடங்களில் தொங்கிக்கொண்டிருக்கும். கடைசிப் படகு எப்போது என்று டிக்கெட் வாங்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

தாமதமாக வந்தவர்களுக்குப் பாலம் இருக்கிறது. அதற்கு நேரக் கட்டுப்பாடு கிடையாது.

மேலே நடக்கும்போது, கட்டியவர்கள் இதை ஆற்றில் தூண் ஊன்றாமல் கட்டியிருக்கிறார்கள் என்பது முதலில் உறைக்காது. இரு கரையிலும் இரண்டு கோபுரங்கள், ஒவ்வொன்றும் சுமார் 82 மீட்டர் உயரம். அவற்றுக்கு நடுவே 1,500 அடி வெறும் இடைவெளி. இரு பக்கமும் நீட்டிய இரும்புக் கைகள் நடுவில் சேர, அவற்றிலிருந்து 39 ஜோடித் தொங்குகம்பிகள் பாதையைத் தூக்கிப் பிடித்திருக்கின்றன. பஸ்ஸும் லாரியும் கூட்டமும் போவது அந்தத் தொங்குகிற தளத்தில்தான். கனமான லாரி ஒன்று பக்கத்தில் போனால் காலடியில் மெல்லிய அதிர்வு தெரியும். புதிதாக வந்தவர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார்கள், உள்ளூர்க்காரர்கள் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். சட்டங்களை இணைத்திருப்பது நட்டு போல்ட் அல்ல, ரிவெட். சூட்டில் அடித்து இறுக்கிய உருண்டைத் தலைகள், வரிசை வரிசையாக, கைக்கெட்டும் உயரத்திலேயே தெரிகின்றன.

1936-இல் வேலை தொடங்கியபோது எஃகை இங்கிலாந்திலிருந்து கொண்டுவரத்தான் திட்டம். இரண்டாம் உலகப்போர் வந்தது. அங்கிருந்து சுமார் 3,000 டன் மட்டுமே வந்து சேர்ந்தது. மொத்தம் தேவைப்பட்ட 26,500 டன்னில் மீதி 23,000 டன்னுக்கு மேல் ஜாம்ஷெட்பூரில் டாடா ஆலை உருக்கிக் கொடுத்தது. 1942 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் கல்கத்தாவில் குண்டு போட்டன. அதனால் 1943 பிப்ரவரியில் பாலம் திறந்தபோது விழா இல்லை, ரிப்பன் இல்லை. முதலில் கடந்தது ஒற்றை டிராம் வண்டி என்பார்கள். 1965-இல் ரவீந்திர சேது என்று பெயர் மாற்றினார்கள். அரசாங்கக் காகிதம் தவிர வேறெங்கும் அது ஹவுரா பாலம்தான்.

குண்டுக்குத் தப்பிய பாலம் எச்சிலுக்குத் தப்பவில்லை. தொங்குகம்பிகளின் அடியில் மாட்டியிருந்த எஃகு உறைகள் 6 மில்லிமீட்டர் தடிமன் கொண்டவை. 2007-க்குப் பிந்தைய மூன்று ஆண்டுகளில் அவை 3 மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்திருந்ததைப் பொறியாளர்கள் கண்டார்கள். காரணம், நடந்து போகிறவர்கள் துப்பிய வெற்றிலை, குட்கா எச்சில். அதிலுள்ள சுண்ணாம்பும் மற்றச் சேர்மானங்களும் எஃகை அரித்துவிட்டன. பிறகு கழுவித் துடைக்க வசதியாக ஃபைபர் கிளாஸ் உறை போட்டார்கள். இப்போதும் நடைபாதை ஓரத்தில் செம்மண் கறை படிந்திருப்பதைப் பார்க்கலாம்.

ஸ்டேஷனிலிருந்து போகிறவர்கள் வலதுகைப் பக்க நடைபாதையில் நடந்தால் ஆறும் பூச்சந்தையின் கூரைகளும் கீழே தெரியும். 705 மீட்டர், வேடிக்கை பார்த்துக்கொண்டே நடந்தாலும் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது. தலையில் மூட்டை சுமந்தவர்கள் அரை ஓட்டமாக வருவார்கள். சுமை நிற்கவிடாது, வழிவிட வேண்டியது நாம்தான். செல்போனில் படம் எடுப்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. பெரிய கேமராவும் ஸ்டாண்டுமாக நின்றால் காவலர் வந்து விசாரிக்கக்கூடும். நள்ளிரவுக்குப் பிறகு நடமாட்டம் குறையும்போது தனியாகப் போகாமல் இருப்பதே புத்தி.

பிறகு கொஞ்சம் தூக்கம். ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் முன்கூட்டியே பதிவு செய்தால் ஸ்டேஷனிலேயே ஓய்வறை கிடைக்கும், டிக்கெட்டின் பி.என்.ஆர். எண் போதும். கிடைக்காதவர்களுக்கு வெளியே சாதாரண லாட்ஜ்கள் உண்டு. எங்கே தூங்கினாலும் நாலரைக்கு அலாரம் வைத்துவிட வேண்டும். ஏனென்றால் ஹவுராவின் முக்கிய நிகழ்ச்சி அதற்கப்புறம்தான்.

பாலத்தின் கிழக்கு முனையில், தென்பக்கம் படியிறங்கினால் மல்லிக் காட் பூச்சந்தை. ராம்மோகன் மல்லிக் என்பவர் தன் தகப்பனார் நினைவாகக் கட்டிய படித்துறை. 1855 முதல் இருக்கிறது. அதாவது முதல் வண்டி ஓடி ஓராண்டில் வந்தது. இன்றைக்கும் சந்தைக்குச் சரக்கு வருவது ரயிலில்தான். நதியா மாவட்டத்துப் பூ ராணாகாட் பக்கமிருந்து வருகிறது. மேதினிபூர் பூ பான்ஸ்குரா, கோலாகாட் ஸ்டேஷன்களில் லோக்கல் வண்டி ஏறி ஹவுராவில் இறங்கிப் பாலத்தைக் கடந்து வருகிறது. தமிழ்நாட்டு வண்டி அந்த இரண்டு ஸ்டேஷன்களையும் தாண்டித்தான் வந்திருக்கும். ரூப்நாராயண் ஆற்றுப் பாலம் வந்ததும் ஜன்னலோரம் தெரிந்த வயல்களின் பூ, விடிவதற்குள் நமக்கு முன்னால் இங்கே வந்து உட்கார்ந்திருக்கும்.

உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது செண்டுமல்லி. ஆரஞ்சு, மஞ்சள் என்று இரண்டே நிறம். நெருக்கிக் கோத்த சரங்களைக் கப்பல் கயிறுபோலச் சுருட்டி ஆள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருப்பார்கள். வாங்கியவர் சரங்களைத் தோளிலும் கழுத்திலும் மாட்டிக்கொண்டு நடக்கும்போது ஆள் தெரிவதில்லை, இரண்டு கால் மட்டும் தெரியும். அடுத்த வரிசையில் செம்பருத்தி. மலராத மொட்டாகவே பறித்து ஈரத் துணியில் சுற்றி வைத்திருப்பார்கள். காளிக்கு 108 செம்பருத்தி கோத்த மாலை சாத்துவது இங்கே வழக்கம் என்பதால் எண்ணித்தான் விற்பனை. தாமரை மொட்டு, சங்குப்பூ, வில்வம், அருகம்புல் கட்டு, சம்பங்கி என்று மீதி எல்லாம் நமக்குப் பழகியவை. பழகாதது தரை. மிதிபட்ட பூவும் ஆற்று ஈரமும் சேர்ந்து சேறாகி, ரப்பர் செருப்புப் போட்டவரை நிச்சயம் சறுக்கவிடும்.

குவாஹாத்தி காமாக்யா கோயிலுக்குப் போகும் வழியில் ஈரோட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் சம்பங்கிக் கட்டுகளுக்கு முன்னால் நின்றுவிட்டது. “ஏனுங்க, இது நம்ம சத்தியமங்கலத்துச் சம்பங்கியாட்டவே இருக்குதுங்களே,” என்றார் அந்த அம்மா. கணவர் ஒரு கட்டை எடுத்து முகர்ந்து பார்த்தார். “பூ அதேதான். நாம உதிரியா நிறுத்து விக்கறோம், இவங்க தண்டோட கட்டி விக்கறாங்க, அவ்வளவுதான்.” மகள் அதற்குள் ஐந்து விரலைக் காட்டி ஒரு செண்டுமல்லிச் சரத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்தாள். வியாபாரி மூன்று விரலை மடக்கி வேறு ஏதோ கணக்குச் சொன்னார். மொழி தெரியாத பேரம் இரண்டு நிமிடத்தில் சிரிப்போடு முடிந்தது.

சந்தைக்குப் பின்னாலேயே ஆறு. படிகளில் குளியல், பூஜை, தலை மழிப்பு, துணி துவைப்பு எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். பக்கத்தில் ஒரு மல்யுத்தக் களம் உண்டு. மண்ணில் புரண்டு பயிற்சி செய்கிறவர்கள் வெயில் ஏறுவதற்குள் ஆற்றில் இறங்கிவிடுவார்கள். இங்கே நின்று அண்ணாந்தால் பாலத்தின் அடிவயிறு தெரியும். இரவில் நடந்து போன தளத்தைக் கீழிருந்து பார்ப்பதற்கு இதைவிட நல்ல இடமில்லை.

தெற்கே சில நிமிடம் நடந்தால் பழைய டிக்கெட் கவுன்டர் இருந்த ஆர்மேனியன் காட். 1873 பிப்ரவரி 24 அன்று கல்கத்தாவின் முதல் டிராம், குதிரை இழுத்த டிராம், சியால்டா ஸ்டேஷனிலிருந்து இந்தத் துறைவரை ஓடியது. ஊரின் இரு பக்கத்து ரயிலையும் இணைப்பதற்கான முயற்சி. கூட்டம் சேராமல் அந்த ஆண்டே நின்றுபோனது வேறு கதை. துறைக்குப் பெயர் தந்த ஆர்மேனியர்கள் சென்னைக்கும் அந்நியரல்ல. பாரிமுனை ஆர்மேனியன் தெருவில் அவர்களுடைய மாதாகோயில் இன்னும் இருக்கிறது. கொல்கத்தாவில் அவர்கள் கட்டிய நாசரேத் மாதாகோயில் 1724-ஐச் சேர்ந்தது, நகரத்தின் மிகப் பழைய தேவாலயம். படாபஜாரின் சந்துகளுக்குள் கடைச் சரக்குகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. வளாகத்தில் 1630 என்று தேதி பொறித்த ஒரு கல்லறைக் கல் உண்டு. ஆங்கிலேயர் இந்த ஊருக்கு வருவதற்கு அறுபது ஆண்டு முந்தைய தேதி.

இந்நேரத்துக்குப் பசி வந்திருக்கும். இரண்டு வழி இருக்கிறது.

அசைவக்காரர்கள் போத்தார் கோர்ட் பக்கம், திரெட்டா பஜாருக்குப் போகலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் குடியேறத் தொடங்கிய சீனர்களின் பழைய பேட்டை அது. 1962 இந்திய-சீனப் போரின்போது பலரை ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். திரும்பி வந்தவர்களிலும் பலர் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள். மிச்சமிருப்பவர்கள் விடிந்ததும் தெருவோரம் அலுமினியப் பாத்திரங்களைத் திறந்து மோமோ, மீன் உருண்டை சூப், ஆவியில் வெந்த பன் விற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம். எட்டு, எட்டரைக்குள் பாத்திரம் காலி. அதே இடத்தில் காய்கறிக் கடை வந்துவிடும்.

சைவக்காரர்களுக்குப் படாபஜாரே போதும். கச்சோரியும் உருளைக்கிழங்குத் தொட்டுக்கையும், கூடவே எண்ணெயிலிருந்து எடுத்த ஜிலேபியும் எந்தத் திருப்பத்திலும் கிடைக்கும். டீ மண்குவளையில் வரும். இரண்டு வாய்தான் பிடிக்கும். அடுத்த குவளை கேட்க யாரும் வெட்கப்படுவதில்லை. இட்லி வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள் தமிழர்கள் காலங்காலமாகக் குடியிருக்கும் லேக் மார்க்கெட்வரை போக வேண்டும். அது தெற்குக் கொல்கத்தாவில், காலை நேரப் போக்குவரத்தில் தூரம்தான்.

வயிறு நிறைந்ததும் டல்ஹவுசி சதுக்கம், இன்றைய பி.பா.தீ. பாக். 1930 டிசம்பர் 8 அன்று ரைட்டர்ஸ் பில்டிங்குக்குள் புகுந்து சிறைத்துறை ஐ.ஜி. சிம்சனைச் சுட்ட பினய், பாதல், தினேஷ் என்ற மூன்று இளைஞர்களின் பெயர் அது. நடுவில் லால் தீகி குளம். வடக்கே அந்தச் சிவப்புக் கட்டடம். மேற்கே 1868-ஐச் சேர்ந்த ஜி.பி.ஓ.வின் வெள்ளைக் குவிமாடம். பழைய வில்லியம் கோட்டை இருந்த இடத்தின் ஒரு பகுதியில்தான் இந்த அஞ்சலகம் நிற்கிறது. பத்து மணிக்கு முன் இங்கே கூட்டம் குறைவு, நிதானமாகச் சுற்றலாம்.

சதுக்கத்திலிருந்து தெற்கே பத்து நிமிட நடையில் செயின்ட் ஜான்ஸ் தேவாலயம். 1787-இல் கட்டியது. உள்ளே ஜோஃபனி வரைந்த கடைசி இராவுணவு ஓவியம் தொங்குகிறது. தமிழ்ப் பயணி பார்க்க வேண்டியது வெளியே, தோட்டத்தின் மூலையில் இருக்கும் எண்கோண மண்டபத்தை. ஜாப் சார்னக்கின் கல்லறை அது. சென்னையிலிருந்து கப்பலேறி 1690 ஆகஸ்ட் 24 அன்று சுதாநூட்டி கிராமத்தில் இறங்கிய கிழக்கிந்தியக் கம்பெனி ஏஜென்ட். அதற்கு முந்தைய ஆண்டு அவருடைய மூன்று மகள்களுக்கும் ஞானஸ்நானம் நடந்தது நம்ம செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில். அவரை நகரத்தின் ஸ்தாபகர் என்று பாடப்புத்தகங்கள் எழுதிவந்தன. அப்படிச் சொல்லக்கூடாது, அந்த நாள் நகரத்தின் பிறந்தநாளும் அல்ல என்று 2003-இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கல்லறைக்குள் லத்தீனில் எழுதிய ஒரு கருங்கல் பலகை. அந்தக் கல் சென்னையை ஒட்டிய பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியிலிருந்து வந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் அந்தப் பாறை வகைக்குப் பெயர் வைக்க வேண்டியிருந்தபோது, இந்தக் கல்லறையை நினைத்து ‘சார்னகைட்’ என்று வைத்தார். உலகம் முழுவதும் புவியியல் மாணவர்கள் அந்தப் பெயரைத்தான் படிக்கிறார்கள். பல்லாவரத்தில் அந்தப் பாறை நிற்கும் இடம் தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். சென்னையிலிருந்து சுமார் 1,660 கிலோமீட்டர் ரயிலில் வந்தவர் தாம்பரம் லோக்கலில் தினமும் தாண்டும் ஊரின் கல்லை இங்கே பார்க்கிறார். நம்ம ஈரோட்டு மகள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “அப்பா, இவ்வளவு தூரம் கப்பல்ல வந்திருக்கு, நாம ரயில்ல வந்ததுக்கே இடுப்பு வலிக்குதே,” என்றாளாம்.

திரும்பும் வழியைப் பாலத்தின் மேல் வைத்துக்கொள்ள வேண்டாம். ஒன்பது மணிக்கு மேல் அதில் பஸ் ஊர்ந்துதான் போகும். ரைட்டர்ஸ் பில்டிங் பக்கத்திலேயே மகாகரன் மெட்ரோ ஸ்டேஷன் இருக்கிறது. அடுத்த நிறுத்தம் ஹவுரா. நடுவில் வண்டி ஹூக்ளிக்கு அடியில் 520 மீட்டர் சுரங்கத்தில் போகிறது. சுவரில் நீல விளக்கு எரிவது மட்டும்தான் அடையாளம். முக்கால் நிமிடத்தில் முடிந்துவிடும். செல்போனைத் தயாராக வைக்காதவர்களுக்குப் படம் கிடைக்காது. 1984-இல் நாட்டின் முதல் மெட்ரோவை ஓட்டிய நகரம், 2024 மார்ச்சில் நாட்டிலேயே முதன்முறையாக ஆற்றுக்கு அடியிலும் மெட்ரோவை ஓட்டியது. சுரங்கம் தோண்டும்போது 2019-இல் பவ்பஜாரில் வீடுகள் இடிந்து விழுந்ததால் இந்தப் பாதை சியால்டாவோடு இணைய 2025 ஆகஸ்ட் வரை ஆனது. இப்போது ஹவுராவில் இறங்கி சியால்டாவில் டார்ஜிலிங் மெயில் பிடிக்கிறவர்கள் டாக்ஸிக்காரரோடு பேரம் பேச வேண்டியதில்லை. ஒரு நூற்றாண்டுக்கும் முன்பு குதிரை டிராம் முயன்று தோற்ற வேலையை இந்த வண்டி செய்கிறது.

ஹவுரா மெட்ரோ ஸ்டேஷன் நாட்டின் மிக ஆழமான மெட்ரோ நிலையங்களில் ஒன்று. முப்பது மீட்டருக்கு மேல் எஸ்கலேட்டர்களில் ஏறி வர வேண்டும். கிளாக் ரூமில் பெட்டி எடுத்து, பழைய வளாகத்துக்கு நடந்து, பிளாட்பாரம் தேட எல்லாம் சேர்த்து வண்டி நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னதாகத் திரும்பிவிடுவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ தாமதமாகத்தான் தொடங்கும். துர்கா பூஜை நாட்களில் பாலமும் சந்தையும் அடைபட்டுக் கிடக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை.

டிக்கெட் போடும்போது இடைவெளி எத்தனை மணி நேரம் என்று மட்டும் பார்க்காமல், காலை ஐந்து முதல் ஒன்பது வரை அதற்குள் அடங்குகிறதா என்றும் பாருங்கள். அடங்கினால் ஒரு நல்ல பூட்டும் வழுக்காத செருப்பும் எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.